தட்டிவிட வேண்டிய முகம்

என் அக்கா ஒரு ரெடிமேட் துணிக்கடையின் பின்னறையில் பேன்ட்டுகளுக்குக் கால் மடித்துத் தைத்துவந்தவள். பதினெட்டு வருஷம் அதே மேஜை. "குட்டையான ஆளுங்க இருக்கிற வரைக்கும் உனக்குச் சோத்துக்குப் பஞ்சமில்லைக்கா" என்று கேலி செய்வேன். "உன்னை மாதிரி அவசரக்குடுக்கை இருக்கிற வரைக்கும் எனக்குப் பிரிச்சுத் தைக்கிற வேலையும் இருக்கும்டா" என்பாள். அதே அறையில் எம்ப்ராய்டரி மெஷின் ஓட்டுகிறவன் நான்.

அவளுடைய ஆறு வயது மகள் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு ஐந்து மாதம் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குளிக்க மாட்டாள். என் மனைவி ஊட்டினால் இரண்டு வாய் இறங்கும். அவள் புருஷன், என் மாமா, முதலில் அழுதார், பிறகு எரிச்சல்பட்டார், பிறகு தன் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஆளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

மனநல மருத்துவர் மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்தார். "மனசுல வர்றதைத் தினமும் வரைங்கம்மா. அழகா இருக்கணும்னு இல்லை. யாருக்கும் காட்டவும் வேண்டாம்."

பேப்பரில் வரைய மாட்டேன் என்றாள் அக்கா. வரைந்ததை எங்கே வைப்பது, எப்படிக் கிழிப்பது என்று பயம். கைக்குப் பழகிய சாக்பீஸை எடுத்தாள், துணியில் குறி போடுவோமே அதை. அதற்காகவே மெல்ல மெல்லக் கடைக்குத் திரும்பினாள். காலையில் வேலை தொடங்கும் முன் கறுப்பு லைனிங் துணியை மேஜையில் விரித்து மகளின் முகத்தை வரைவாள். முதல் வாரம் முட்டை மாதிரி ஒன்று வந்தது. பிறகு முன்பல் விழுந்த இடைவெளி வந்தது. ஒரு பக்கம் மட்டும் ஏறி நிற்கும் புருவம் வந்தது. பத்து நிமிஷம் பார்ப்பாள். பிறகு துணி பிரஷ்ஷால் தட்டிவிடுவாள்.

ஆரம்பத்தில் தட்டும்போதெல்லாம் அழுதாள். போகப் போக, "போயிட்டு வாடி, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லித் தட்டினாள். சாப்பிட்டாள், தூங்கினாள், நூல் அறுந்தால் என்னைத் திட்டினாள். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வரைவதுதான் அவளைத் தேற்றுகிறது என்று நினைத்தேன். தட்டிவிடுவதுதான் மருந்து என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

ஒருநாள் வந்த முகம் அச்சு அசல் குழந்தையேதான். சிரிக்கப் போகிற நேரத்து முகம். அக்கா பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தபோது முதலாளி கூப்பிட்டார். ஒரு குடும்பமே அளவு கொடுக்க வந்திருந்தது. பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போனாள்.

சாக்பீஸ் கோட்டைப் பார்த்தால் எங்கள் தொழில்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. கோடு இருந்தால் அதன்மேல் தையல் விழ வேண்டும். துணியை வளையத்தில் மாட்டினேன். வெள்ளை நூல் கோர்த்தேன். புருவத்தில் தொடங்கி அந்தப் பல் இடைவெளி வரை நூலிழை பிசகவில்லை. என் ஆயுசில் அவ்வளவு நேர்த்தியாகத் தைத்ததில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "ஃப்ரேம் போட்டு மாட்டலாம்பா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா திரும்பி வந்தாள். பிரஷ்ஷை எடுத்துத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். அழுத்தித் தேய்த்தாள்.

"இனிமே அழியாதுக்கா. உனக்காகத்தான் தச்சேன்."

"போக மாட்டேங்கிறாடா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிளேடை எடுத்துப் பதறிப் பதறித் தையலைப் பிரித்தேன். நூல் மொத்தமும் வந்துவிட்டது. லைனிங் துணி மெல்லிசு. ஊசி இறங்கிய ஓட்டைகள் மூடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் புள்ளி புள்ளியாக முகம் முழுசாகத் தெரிந்தது. அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு முதலாளி அந்த மேஜையில் வேறொருத்தியை உட்கார வைத்தார். இப்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு. மாத்திரையைத் துப்பிவிடுகிறாள். புது சாக்பீஸ் டப்பாவோடு போய்க் கெஞ்சினேன்.

"வரையேன்க்கா."

"எதுக்குடா? அதான் நீ அவளை இங்கயே நிறுத்திட்டியே" என்றாள்.

வசவாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றியாகச் சொன்னாள்.