மடிக்கு வந்த ஒரு காலை

எங்கள் பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள்தான். அறுபதுகளின் நடுவில், தென்காசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பூனையுமாகக் குடியிருந்தோம். பின்வாசலில் அது மூத்திரம் பெய்த மணலில் எறும்பு மொய்த்தது. தின்னத் தின்னப் பூனை மெலிந்தது. என் வீட்டுக்காரருக்கும் அதே வியாதி என்பதால் அடையாளம் தெரிந்துபோயிற்று. மாட்டாஸ்பத்திரி டாக்டர் முதலில் சிரித்தார். சோதித்துப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. வீட்டில் இருக்கும் இன்சுலினே போதும் என்று, பூனைக்கான துளி அளவை எழுதிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கல். ஆகவே அவருக்கும் நான்தான் ஊசி, பூனைக்கும் நான்தான்.

அதுவரை தினமும் காலையில் நான் அரிசி புடைக்க உட்கார்ந்தால், முறத்தைத் தள்ளிவிட்டுப் பூனை மடியில் ஏறிவிடும். திட்டுவேன். இறங்காது. ஊசி தொடங்கியதும் எல்லாம் மாறிப்போனது. கொதிக்கும் தண்ணீரில் கண்ணாடி ஊசி கடகடவென்றதுமே பீரோவுக்கு அடியில் போய்விடும். என் கையில் ஸ்பிரிட் வாடை வந்தால் சீறும். சீயக்காய் போட்டுக் கழுவினேன், புளி போட்டுத் தேய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் காலை மட்டும் உரசிக்கொண்டு திரிந்தது. உழைப்பு எனக்கு, சலுகை அவருக்கு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

"எனக்கும் உன்னைக் கண்டா பயந்தான். என்னால ஓட முடியல, அவ்வளவுதான்" என்பார்.

அந்த வருஷம் ஆடி அமாவாசையன்று, விரதம் என்பதால் தன் ஊசியை வந்து போட்டுக்கொள்ளலாம் என்று அவர் குற்றாலத்துக்குப் போனார், அருவியில் குளித்துத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வர. டாக்டர் நேரம் தவறக் கூடாது என்று சொல்லியிருந்தபடி பூனைக்கு வழக்கமான நேரத்தில் ஊசி போட்டேன். தீனி வைக்கவில்லை. படையல் போட்டு, காக்காய் எடுக்கும் முன் எங்கள் வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைக்க மாட்டோம். பூனையும் வீட்டு ஆள்தானே என்று நினைத்தேன். சீசன் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் அவர் வர உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

அதற்குள் பூனை தள்ளாடியது. வாயில் எச்சில் ஒழுகியது. தூக்கப் போன என் கையைக் கடித்தேவிட்டது. "இவ்வளவு செஞ்சும் என்னையவா கடிக்க? போ, பீடை!" என்று கத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஈர வேட்டியோடு உள்ளே வந்தவர் பூனையைப் பார்த்ததும், "ஏட்டி, இதுக்குத் தீனி வச்சியா?" என்றார். நான் தலையாட்டினேன், இல்லையென்று.

"கோவம் இல்லட்டி இது. ஊசி போட்டுட்டுப் பட்டினி கெடந்தா எனக்கு வருதுல்லா, அதுதான்."

பாயசத்துக்குக் காய்ச்சி வைத்திருந்த வெல்லப்பாகை விரலில் தொட்டு, பூனையின் ஈறில் தடவினார். படையலுக்கு முன்னாலா என்று பதறினேன். "எங்க அப்பா ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு" என்று மறுபடியும் தடவினார். கொஞ்சநேரத்தில் பூனை தலையைத் தூக்கியது. கேள்விப்பட்ட டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். தின்ற பிறகுதான் ஊசி. இரண்டு நாளைக்கு ஊசியே வேண்டாம் என்றார்.

இரண்டாம் நாள் காலை. வெளியே சாரல். சத்தம் பூனைக்குக் கேட்காதபடி அவருடைய ஊசியைப் பக்கத்து வீட்டிலேயே கொதிக்க வைத்து, ஸ்பிரிட் பஞ்சை அவரையே பிடிக்கச் சொல்லி, அங்கேயே அவருக்குப் போட்டுவிட்டு வந்திருந்தேன். முறத்தோடு உட்கார்ந்தேன். பூனை வந்து, முறத்தைத் தள்ளிவிட்டு மடியில் ஏறியது. கடித்த இடத்தை நக்கியது. நான் அசையவில்லை. கால் மரத்துப்போனது. அரிசி அப்படியே கிடந்தது. சோறு பொங்க நேரமாயிற்று.

மறுநாளும் வந்து ஏறியது. அன்று ஊசி போட்டாக வேண்டும். இன்னும் ஒரு நாள் போகட்டுமே என்று மனது கெஞ்சியது. மணலுக்குக் கிட்டே குனிந்து உற்றுப் பார்த்த அவர், "எறும்பு வந்துட்டுது" என்றார்.

தீனி வைத்தேன். அது தின்று முடித்ததும் அடுப்பைப் பற்ற வைத்து, ஊசியைத் தண்ணீரில் போட்டேன். கடகடவென்றது. பூனை என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பீரோவுக்கு அடியில் போனது.

அதன் பிறகு மூன்று வருஷம் உயிரோடு இருந்தது. மடிக்கு மட்டும் வரவேயில்லை.