ஊசிக்குக் கிடைத்த நாட்கள்

நான் ஊசி பிடித்ததெல்லாம் தீட்டு நாளில்தான். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். தங்காக் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஒரே அடுப்பில் இரண்டு குடும்பம் பிழைத்த வீட்டில், ஒரு பெண்ணின் கை சும்மா இருக்க வேறு நாள் கிடையாது.

என் கணவரும் அவருடைய அண்ணனும் லயத்தில், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். அறை இரண்டு, சமையல் ஒன்று. அண்ணன் மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, நான் அக்கா என்பேன். அவள் என்னைத் தங்கச்சி என்பாள். அவளுக்கு இரண்டு பையன்கள், எனக்கு ஒரு பெண். பெரியவர்கள் நாலு பேரும் மரம் வெட்டப் போகிறவர்கள், கித்தா மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. விடியுமுன் கங்காணி ஆள் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்பதற்குள் சோறு வெந்திருக்க வேண்டும். பால் எடுத்து முடித்து, கையெல்லாம் கித்தா நாற்றத்தோடு திரும்பினால், மறுபடி அடுப்பு. மத்தியானம் விறகு, தண்ணீர், பிள்ளை, துணி. சாயங்காலம் மறுபடி அடுப்பு. சமையல் இளையவள் வேலை என்று யாரும் விதி போடவில்லை. நான் தாலியோடு வந்த மறுநாளே கரண்டி என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

எனக்குச் சமைக்க வராது என்றோ பிடிக்காது என்றோ நினைத்துவிட வேண்டாம். கருவாட்டுக் குழம்பில் புளிப்பான பிலிம்பிங் காயை நறுக்கிப் போட்டு நான் இறக்கினால், பக்கத்து அறைக்காரர்கள் கிண்ணத்தை நீட்டுவார்கள். மரவள்ளிக் கிழங்கைத் துருவி, வெங்காயமும் மிளகாயும் தட்டிப் போட்டு அடை சுட்டால் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு தின்பார்கள். ஆனால் சமைத்தது வாயில் போனதும் தீர்ந்தது. அடுத்த வேளைக்கு அதே சட்டி, அதே கரி. தைத்தது அப்படியா? போன வருஷம் போட்ட பூ இந்த வருஷமும் துணியில் இருந்தது. எனக்கு அந்த ஆசை பெரிய ஆசை. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

பூவேலையை அடுத்த லயத்தில் இருந்த ஒரு வேதக்காரப் பெண்ணிடம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கோதுமை மாவு வந்த சாக்கைப் பிரித்துத் துவைத்தால் நல்ல வெள்ளைத் துணி கிடைக்கும். தங்காக் துணிக்கடைச் சீனர் நூல்கண்டுகளை மலிவாகக் கொடுப்பார். தலையணை உறை, பிள்ளைக்குச் சட்டை, மேசையே இல்லாத வீட்டில் மேசை விரிப்பு, எல்லாம் தைத்தேன். கனகாம்பரம் போட்டேன், மயில் போட்டேன். லெடாங் மலையை ஒருமுறை பச்சை நூலில் போட்டுப் பார்த்தேன். கவிழ்த்த சட்டி மாதிரி வந்தது.

இதற்கெல்லாம் நேரம் தந்தது தூரம்தான். மாதத்தில் அந்த மூன்று நாள் நான் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, பானையைத் தொடக் கூடாது, சாமி படத்துக்கு நேரே நிற்கக் கூடாது. அறைக்கு முன்னால் உள்ள அஞ்சடித் தாழ்வாரத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். சோறு தட்டில் தள்ளிவிடப்படும். மரம் வெட்ட மட்டும் போகலாம். கித்தா மரத்துக்குத் தீட்டு கிடையாது, துரைக்கு அதில் நஷ்டம் வருமே!

அந்த நாட்களில் அக்கா சமைப்பாள். நான் மரம் வெட்டும் மலைக்காட்டிலிருந்து திரும்பியதும் அஞ்சடியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை தைப்பேன். தைத்ததை அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. நாலாம் நாள் தலைக்குக் குளிக்கும்போது அதையும் தண்ணீரில் போட்டு அலசித்தான் உள்ளே எடுக்க வேண்டும். சீனர் கொடுத்த சிவப்பு நூல் நல்ல நூல் இல்லை. நனைத்தால் சாயம் விட்டு, வெள்ளைத் துணியில் ரோஸ் ரோஸாகப் பரவிவிடும். பாதிப் பூக்கள் அப்படிக் கெட்டன. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடு என்று ஒரு தடவை கேட்டார்கள். என் கைக்கு ஓய்வு கிடைக்கிற நாளில் நான் தொட்டது அம்மனுக்கு ஆகாது. அம்மனுக்கு ஆகிற நாளில் என் கைக்கு ஓய்வு கிடையாது. வேறு யாரோ தைத்தார்கள். கோணலாகத்தான் தைத்தார்கள்.

"நம்ம தங்கச்சிக்கு மாசாமாசம் தீவாளி வருது" என்று அக்கா கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். அந்தக் கேலிதான் பின்னால் எனக்கு எமனாக வந்தது.

கித்தா விலை விழுந்து, தோட்டங்களில் ஆளைக் குறைத்த காலம் அது. ஒரு ஆளுக்கு முன்பிருந்ததைவிட அதிக மரங்கள் கொடுத்தார்கள். முடியாது என்றவர்களையும் நோயாளிகளையும் கப்பலேற்றி, கடலுக்கு அப்பால் முன்னோர் விட்டுவந்த ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் என்று அவர்கள் சொன்ன இடத்தில் எங்களுக்கு ஒரு பிடி மண்ணும் கிடையாது. யாரும் காய்ச்சல் என்று வாய் திறக்காத காலம்.

அப்போதுதான் எனக்குத் தூரம் நாலாம் நாள் நிற்காமல் போனது. முதல் மாதம் ஒரு நாள் கூட வந்தது. ஒரு நாள் கூடத் தைத்தேன். சொன்னால் என்ன, சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் ஒரு வாரம் ஆயிற்று. அதற்கடுத்த மாதம் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்றே சொல்ல முடியாமல் போனது. அடிவயிற்றில் கல் வைத்துக் கட்டியது போலப் பாரம். ஏணியும் வாளியுமாக மரத்துக்கு மரம் போகும்போது கண் இருட்டும். ஆனால் அஞ்சடியில் உட்கார்ந்தால் கை தன்னால் ஊசியைத் தேடும். வலியை மறக்க அது ஒன்றுதான் இருந்தது. பார்க்கிறவர்களுக்கோ நான் சொகுசாக உட்கார்ந்து பூப் போடுவதுதான் தெரிந்தது.

அக்காவையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவளும் என்னைப் போல மரம் வெட்டிவிட்டு வருகிறவள். அவள் இடுப்பொடியச் சமைக்கும்போது கண்ணெதிரே ஒருத்தி மயிலுக்கு வால் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரியாது?

ஒரு நாள் சாயங்காலம் அவள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எத்தன நாளா உக்காந்திருக்க? ஊரு ஒலகத்துல இல்லாத தூரமா இருக்கே ஒனக்கு!"

"நிக்கல அக்கா. மெய்யாத்தான் சொல்றேன்."

"எப்படி நிக்கும்? கையில ஊசி இருக்கிற வரைக்கும் ஒனக்கு நிக்காது."

நான் எழுந்து, உட்கார்ந்திருந்த சாக்கைப் புரட்டிக் காட்டினேன். இன்னொரு பெண்ணிடம்கூட அதைக் காட்டுவது எவ்வளவு கேவலம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். பக்கத்தில் என் சிவப்பு நூல்கண்டு கிடந்தது.

"சாயம்" என்றாள். "எனக்கே காட்டுறியா?"

மடியிலிருந்த ஊசி, நூல், துணி எல்லாவற்றையும் சுருட்டி அவள் காலடியில் போட்டேன். "எடுத்துட்டுப் போங்க அக்கா. அப்பவாச்சும் நம்புவீங்களா?" என்றேன். அவள் எடுத்துப்போய், தண்ணீரில் அலசி, தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். என் கணவர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். பொம்பளைகள் சமாசாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த டிரஸ்ஸரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் ஆண். தூரத்தைப் பற்றி ஆணிடம் பேசுகிற வாய் எங்களில் யாருக்கும் இல்லை. சொந்தப் புருஷனிடமே நேராகச் சொல்ல மாட்டோம், "வெளிய இருக்கேன்" என்போம். கூட வந்து எடுத்துச் சொல்ல வேண்டியவள் அக்காதான், அவளோ நான் பொய் சொல்கிறேன் என்றிருந்தாள். அதோடு சீக்காளி என்று கங்காணி காதில் விழுந்தால் கப்பல். இதெல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டது. ஊசி போன பிறகும் நான் அஞ்சடியிலேயே உட்கார்ந்திருந்தேன். தைக்காமல் வெறுமனே. அதைப் பார்த்து, ஊசியைத் திரும்ப வாங்க நான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

கடைசியில் நான் செய்தது எங்களில் எந்தப் பெண்ணும் செய்யத் துணியாத காரியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு, "நின்னுடுச்சு அக்கா" என்றேன். நிற்கவில்லை. பழந்துணியை மடித்து மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். சாமி படத்தைப் பார்க்காமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அம்மன் என் பெண்ணின் மேல் கோபத்தைக் காட்டிவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

"பாத்தியா, ஊசி போனதும் நின்னுடுச்சு" என்று அக்கா வெளியே யாரிடமோ சொல்வது கேட்டது.

உலை வைத்தேன். பருப்பைக் கழுவினேன். அம்மியில் மிளகாய் அரைக்கக் குனிந்தபோது உள்ளே ஏதோ அறுந்தது போல் இருந்தது. கால் வழியாகச் சூடாக இறங்கியது. அம்மியைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன்.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். தரையைப் பார்த்தாள். சிமிண்டுத் தரையில் அது ஓடி அடுப்பங்கல்வரை போயிருந்தது. இனி சாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் வாயில் முதலில் வந்தது என் பெயரல்ல.

"அலமாக்! தீட்டோட அடுப்பத் தொட்டுட்டாளே! பானையெல்லாம் போச்சே!"

அதற்குப் பிறகுதான் அலறிக்கொண்டு என்னைத் தூக்கினாள். எத்தனையோ வருஷம் கழித்தும் அந்த முதல் வார்த்தையை நான் மறக்கவில்லை. அவளும் மறந்திருக்க மாட்டாள்.

டிரஸ்ஸர் பார்த்தார், ஒன்றுமே கேட்கவில்லை. கித்தாப் பால் ஏற்றும் லாரியில் பாய் விரித்து மூவார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என் கணவர் வழியெல்லாம் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன்புள்ள சொல்லல? ஏன் சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். யாரிடம் சொல்லவில்லையாம் நான்? பேசத் தெம்பிருந்தால் அன்றைக்கு நன்றாகக் கேட்டிருப்பேன்.

வயிற்றைக் கிழித்து, கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். தேங்காய் அளவு இருந்ததாம். பிழைப்பேன் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. பிழைத்தேன். அக்கா எங்கள் இருவர் வேலையையும் சேர்த்துச் செய்ததால் கங்காணி என் பெயரை வெட்டவில்லை. அதற்கு நான் இன்றும் அவளுக்குக் கடமைப்பட்டவள்தான்.

வீடு திரும்பியபோது அடுப்படியில் எல்லாம் புதுச் சட்டி, புதுப் பானை. பழையதையெல்லாம் உடைத்துப் போட்டுவிட்டாள். எனக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள், வெந்நீர் ஊற்றினாள், தலை சீவிவிட்டாள். ஒரு நாள் ஊசி, நூல், துணி எல்லாவற்றையும் கொண்டுவந்து மடியில் வைத்து, "வச்சுக்க தங்கச்சி" என்று மூக்கைச் சிந்தினாள். நான் தேறியதும் மறுபடி மலைக்காடு, மறுபடி அடுப்பு.

ஒரு மாதம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. எப்போதும் போல விடியுமுன் எழுந்து சமைத்தேன், மத்தியானம் சமைத்தேன், சாயங்காலம் சமைத்தேன். அக்கா வெளியே உட்கார்ந்த நாளிலும் சமைத்தேன். ஊசியைத் தொடவில்லை. எப்போது தொடுவது? எனக்கு நாள் வருகிற வழி அடைபட்டுவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

கேட்டுப் பார்ப்போம் என்று கணவரிடம் கேட்டேன். "ஏங்க, மாசத்துல மூணு நாள் அக்காவச் சமைக்கச் சொல்றீங்களா? முன்னமாதிரியே நான் வெளிய உக்காந்துக்கிறேன்."

அவருக்கு விளங்கவே இல்லை. "எதுக்கு? ஒனக்குத்தான் இனிமே ஒண்ணுமில்லயே?"

"கொஞ்சம் தைக்கலாம்னு."

"நல்லா இருக்கிறவ சும்மா வெளிய உக்காந்தா லயத்துல என்ன பேசுவாங்க?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "அந்தத் தொல்லையே தீந்துச்சு. இனி தெனமும் ஒன் கைச் சோறுதான்." என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

நான் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். மூவாரில் அழவில்லை, லாரியில் அழவில்லை, அன்றைக்கு அப்படி அழுதேன். அக்கா வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"அழாத தங்கச்சி. இனிமே பெக்க முடியலன்னா என்ன? ஒரு பொண்ணு இருக்கால்ல, போதும்லா."

மூன்று நாளுக்காக அழுகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கை முதுகிலிருந்து எடுபட்டிருக்கும். நான் சொல்லவில்லை.