கண் திறந்து ஜெபித்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு தங்கையின் ஸ்தோத்திரம். அக்கா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால்கூட உடம்பு தூக்கிப் போடுகிறது. இதை எழுத எத்தனையோ முறை உட்கார்ந்து, முடியாமல் எழுந்து போயிருக்கிறேன்.

ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். அடக்கத்துக்கு வந்திருந்த எங்கள் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், பெட்டி மூடும் முன்பே என் காதுபட ஒன்று சொன்னார். "செபத்துல மனசு இருந்திருந்தா இவ கண்ணு எதுக்கு ரோட்டுக்குப் போவுது?" அந்தக் கேள்வி அன்றைக்கு என்னை அறைந்தது. அதற்குப் பதில் சொல்லாமல், அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதி மலர் போட எனக்கு விருப்பமில்லை. பெரியம்மா இதைப் படித்துக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அக்கா பிறந்தது காரியாபட்டிப் பக்கம். அப்பா பிறத்தியார் நிலத்தில் ஏர் பிடித்தவர். மழை பொய்த்துப்போய் நாங்கள் சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்துக்குக் குடிவந்தபோது அக்கா ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தார். அதற்குமேல் அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டினார். வயது வந்ததும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்ததும், விருதுநகரில் வாழ்க்கைப்பட்டதும் அக்காவின் உழைப்பில்தான். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்த அத்தானைக் கைப்பிடித்து இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் அக்கா கம்பெனியை விடவில்லை.

அம்மா வழியில் எங்களுக்கு வந்தது விசுவாசம். அக்காவுக்கு அதை உட்கார்ந்து அனுசரிக்க நேரம் கிடைத்ததே இல்லை. அவருக்கு வெடிகளுக்குத் திரி வைக்கும் அறையில் வேலை. செருப்பு, வளையல், ஊக்கு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கொஞ்சம் உரசினாலே மருந்து பற்றிக்கொள்ளும் இடம் அது. கண்ணை மூடுகிற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அக்கா கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார். கை வேலையில் இருக்கும், உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். கூட இருந்த பெண்கள் எல்லோரும் இந்துக்கள். அவர்களுக்கு இது பழகிப்போயிற்று.

"மதினி, பங்குனிப் பொங்கலுக்கு மழ வந்து கெடுத்துறக் கூடாதுன்னு ஒங்க சாமிகிட்டச் சொல்லுங்க."

"ஒங்க அம்மன் திருவிழாவுக்கு எங்க ஆண்டவர்கிட்டயா மனு? சரி, சொல்லி வைக்கேன்" என்பாராம் அக்கா. சொல்லியும் இருப்பார்.

இந்தப் பழக்கம் ஆலயத்துக்கும் வந்துவிட்டது. போதகர் "ஜெபிப்போம்" என்றதும் சபை முழுவதும் கண்ணை மூடும், அக்கா மட்டும் விழித்துக்கொண்டிருப்பார். இதைக் கண்டுபிடித்துப் போதகரிடம் கோள் சொன்னவர்கள், ஜெப நேரத்தில் தாங்கள் எப்படி அதைப் பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அக்காவுக்குச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பு எதுவும் தரப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கே ஒரு நாள் எரிச்சல் வந்துவிட்டது.

"ஒரு நாளாச்சும் கண்ண மூடித்தான் பாரேன்க்கா" என்றேன்.

"மூடுனா ஒறங்கிருவேன்டி. சீசன்ல நான் ஒறங்குறதே எம்புட்டு? தெறந்திருந்தா நாலு பேரு மொகமாச்சும் தெரியும். யாரு மொகம் வாடியிருக்கோ, அவுகளுக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லிக்கிடுவேன்."

அப்படிப் பார்த்துத்தான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கன்னத்து வீக்கத்தை அக்கா கண்டார். ஆராதனை முடிந்ததும் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார். மறுநாள் அத்தானையும் அழைத்துக்கொண்டு அவள் புருஷனிடம் நியாயம் கேட்கப் போனார். அதே அக்காதான் பிரசங்கத்தின் நடுவே என் விலாவில் இடித்து, "ஏட்டி, நான் கேஸ அணச்சேனா?" என்று கேட்டிருக்கிறார். அவரைப் புனிதவதியாக்க நான் இதை எழுதவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி முடிந்து கம்பெனியில் வேலை ஓய்ந்திருந்த நேரம். எங்கள் சித்தி மகன் சிவகாசி சாலையோரம் கட்டிய புதுவீட்டின் பிரதிஷ்டை ஜெபம். வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். நான் கண்ணை மூடினேன்.

பெரிய சத்தம் ஒன்று கேட்டது.

எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் கேட்டால் நாங்கள் அண்ணாந்துதான் பார்ப்போம். எந்தத் திசையில் புகை கிளம்புகிறது, யார் வீட்டு ஆள் வேலை பார்க்கும் கம்பெனி என்று வானத்தில் தேடுவோம். அன்றைக்கும் பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வெளியே வந்து வானத்தைத்தான் பார்த்தோம். "நாரணாபுரம் பக்கமா?" என்று ஒருவர் கேட்டார். "பொகையக் காணோமே, வடக்க பாருங்க" என்றார் சித்தப்பா. என் கை தானாக செல்போனை எடுத்து அக்காவின் நம்பரை அழுத்தியது. எங்கே வெடித்தாலும் விருதுநகரிலிருந்து நான் செய்கிற முதல் காரியம் அதுதான். அக்காவின் போனைக் கம்பெனி வாசலில் வாங்கி வைத்திருக்கும் காவல்காரர் எடுத்து, "நம்ம கம்பெனி இல்லம்மா" என்பார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

மணி என் முதுகுக்குப் பின்னால் அடித்தது. திரும்பினேன். நாற்காலியில் அக்காவின் கைப்பை இருந்தது, அதற்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா இல்லை.

அன்று ஞாயிறு, அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதையே நான் மறந்து போனை அழுத்தியிருக்கிறேன். அதன் பிறகுதான் சாலையில் ஒரு குழந்தை வீறிடும் சத்தம் எங்கள் காதில் விழுந்தது. எதிர்வீட்டுப் பெண் குழந்தை. மைக் சத்தம் கேட்டு எங்களை நோக்கிச் சாலையில் இறங்கி வந்திருக்கிறது. ஜெபத்தில் இருந்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அக்கா பார்த்துவிட்டார். கூப்பிட்டுக்கூட நேரத்தைப் போக்காமல் ஓடி, குழந்தையை ஓரமாகத் தள்ளியிருக்கிறார். எதிரே வந்த லாரிக்கார இளைஞர் வண்டியை ஒடித்துத் திருப்பியும் அது அக்காவை இடித்துவிட்டது, அதில் டயரும் வெடித்திருக்கிறது. நாங்கள் கேட்டது அந்தச் சத்தம். நாங்கள் புகையைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா சாலையோரத்தில் கிடந்தார்.

குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆட்கள் லாரிக்காரரை இழுத்துப்போட்டு அடிக்கத் தொடங்கினார்கள். நானும் அடித்திருப்பேன். லோடு ஆட்டோவில் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. நினைவு இருந்தது அவருக்கு. "புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். கொஞ்சம் பொறுத்து, "அந்தத் தம்பிய அடிக்காதீகன்னு சொல்லுடி" என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை வருடம் வெடிமருந்தோடு இருந்து ஒரு கொப்புளம்கூட வாங்காதவர், வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஜெபத்தின் நடுவில் போய்விட்டார். இது எப்படி நடக்கும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பெரியம்மாவின் பேச்சை அத்தானிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. "அவ செபத்துலதான் இருந்தா. யாருக்கு என்ன வேணும்னு பாத்துக்கிட்டே கேக்குறது அவ பழக்கம். அன்னைக்கும் பாத்தா, போனா" என்றார். என்னுடைய பதிலும் அதுதான் பெரியம்மா. இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்கள் துக்கத்தில் உடனிருந்த போதகருக்கும் சபையாருக்கும் நன்றி. அடக்கத்தன்று கூலியை விட்டுவிட்டு வந்து, கல்லறைத் தோட்டம்வரை நடந்த கம்பெனிப் பெண்களுக்கு நன்றி. ஆட்டோக்காரத் தம்பிக்கும், பிள்ளையை எடுத்துக்கொண்டு இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து போகும் எதிர்வீட்டுக் குடும்பத்துக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். லாரி ஓட்டி வந்த அந்த இளைஞரை அத்தான் நேரில் போய் இந்த நினைவு ஆராதனைக்கு அழைத்தார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேண்ணே?" என்று அவர் அழுதாராம். "ஒன்ன அடிக்க வேணாம்னுட்டுத்தான் அவ போனா. வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போப்பா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் அத்தான். வருவார் என்றுதான் நினைக்கிறோம். ஆலய வாசலில் ஒடிசலான ஒருவர் உள்ளே வரத் தயங்கி நின்றால், தயவுசெய்து யார் என்று கேட்காதீர்கள். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, பந்தியில் அத்தான் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதைச் செய்ய வேண்டியவள் நான்தான். எனக்கு இன்னும் மனம் வரவில்லை, அதனால் உங்களிடம் கேட்கிறேன்.