ஐசுக் கழிவு

பத்தினிப்பிள்ளை எவரையும் நம்பாத மனுஷி. கல்லடியில், இறாலை வாங்கி ஐசில் அடைத்து அனுப்பும் வாடியில் பதினொரு வருடமாக நிறுக்கிறாள். காலையில் முதல் வேலையாகத் தராசில் ஐந்து கிலோ படிக்கல்லை வைத்துப் பார்ப்பாள். பெட்டி தூக்கி வைப்பவனின் முழங்கை தட்டில் படுகிறதா என்று கண்ணெடுக்காமல் நிற்பாள். “உனக்குப் புரிசன்மேலயும் சந்தேகம்தான்” என்று வாடியில் கேலி செய்வார்கள். அவளுக்கு அது பெருமைதான்.

வாடியின் இறாலை ஏற்றிப்போன சிறு சரக்கு விமானம், ஓடுபாதையை விட்டு எழும்பிய கையோடு வாவிக்குள் விழுந்தது. ஓட்டியவன் சித்தாண்டி ஊர்ப் பொடியன் சுபாகரன். இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். “பாரம் கூடிப்போச்சு, பிளேன் உயரல்ல” என்று சொன்னதையே சொன்னான். விமானக் கம்பனிக்காரர்களோ, எடைத்தாள் சரி, விமான நிலையப் பரிசோதகரின் முத்திரையும் இருக்கிறது, பிழை அவனுடையதுதான் என்றார்கள். உரிமம் பறிபோகும் என்று ஊரெல்லாம் பேச்சு. பத்தினிப்பிள்ளை அதை நம்பவில்லை. எழும்பமுடியாமல் கிடப்பவன் தலையில் கட்டிவிடுவது எவ்வளவு சுகம்!

விசாரணை அதிகாரி றிஸ்லான் வாடிக்கு வந்தபோது, அவருடைய அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கதிரை போட்டாள்.

“வழமையா இருபது பெட்டி. அண்டைக்கு நாப்பது. பெட்டிக்கு முப்பத்தஞ்சு கிலோ. உங்கட எழுத்துத்தானே, அக்கா?”

“ஓம். ஒரு கிராமும் பிழைக்காது.”

“ஐசோடயா?”

“சேர், ஐசை ஆர் கணக்கில சேர்க்கிற? கழிச்சித்தான் எழுதுவம்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இறாலுக்கு மட்டுமே காசு என்பதால், பெட்டிக்குப் பதினைந்து கிலோ ஐசைக் கழிப்பது வாடி வழக்கம். அதே எடையைத்தான் நான்கு வருடமாக விமானத் தாளிலும் எழுதியிருக்கிறாள். நாற்பது பெட்டிக்கு, தாளில் வராத அறுநூறு கிலோ.

“ஏர்போட்டில திரும்ப நிறுப்பாங்க எண்டுதான் நினைச்சன். முத்திரை குத்துறாங்களே!”

“அங்க தராசே இல்ல, அக்கா.” றிஸ்லான் கோப்பை மூடினார். “இதை எழுதினா உங்கட பேர்தான் முன்னுக்கு வரும். யோசிங்க.”

இவர் என்னைக் காப்பாற்றுகிறாரா, முத்திரைக்காரனையா? அவளுக்குப் பிடிபடவில்லை. பயமாகவும் இருந்தது. ஆனாலும் ஐஸ் நிரப்பிய பெட்டியொன்றைத் தட்டில் ஏற்றினாள். முள் ஐம்பதில் நின்றது.

“எழுதுங்க சேர். அந்தப் பொடியன் சொன்னது உண்மை. முத்திரை குத்தினது ஆரெண்டும் எழுதுங்க.”

அறிக்கை வந்தது. சுபாகரன்மேல் பிழையில்லை, எடை எழுதிய பெண்ணின் பிழை. முத்திரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மறு கிழமை கம்பனி வேன் புதிய தாள்கட்டு ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. இனி ஐசோடு எழுதவேண்டுமாம். முதல் தாளைப் புரட்டினாள், பிறகு கடைசித் தாளை. எடைக் கட்டங்கள் எல்லாம் வெறுமை. பரிசோதகரின் முத்திரை மட்டும் ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே குத்தியிருந்தது.

தொலைபேசியை எடுத்தாள்.

“றிஸ்லான் சேர், வாடிக்கு வாங்க. நான் ஒண்டும் எழுதல்ல. நீங்க வாறவரைக்கும் இந்தக் கட்டுக்கு மேலதான் குந்தியிருப்பன்.”