பென்சில்களுக்கு வைத்த பரீட்சை

முட்டாள்கள் பொதுவாக யோசிக்காமல் காரியம் செய்து மாட்டிக்கொள்வார்கள். நான் நன்றாக யோசித்து, திட்டம் போட்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று மாட்டிக்கொண்டவன். நான்காம் ஆண்டு படிக்கும்போதே அந்தத் திறமை எனக்குக் கைவந்துவிட்டது.

செடெனாக் என்ற எங்கள் ஊரின் தமிழ்ப்பள்ளியில் மாவட்ட ஓவியப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். நான் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் வரைந்தேன். பாதித் தோட்டத்துக்கு வண்ணம் அடித்திருந்தபோது பச்சைப் பென்சிலின் முனை பட்டென்று ஒடிந்தது. சீவினேன், ஒடிந்தது. மறுபடி சீவினேன், மறுபடி ஒடிந்தது. கடைசியில் பிடித்து எழுதக்கூட நீளமில்லாமல் போக, மீதி மரங்களுக்கு நீலம் அடித்துவிட்டேன். ஆசிரியர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "நல்ல கற்பனை" என்று சொல்லி என்னையே தேர்ந்தெடுத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை. ஆனால் அதே கற்பனை மாவட்டத்தில் செல்லாது என்று எனக்குத் தெரியும். அங்கே ஒடியாத பென்சிலோடுதான் உட்காருவது என்று சபதம் எடுத்தேன்.

பென்சில் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டவர் சித்தி. அம்மாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஸ்பீக்கர் செய்யும் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அன்று எத்தனை ஸ்பீக்கரைக் கீழே போட்டார் என்பதுதான் பேச்சு. மேசை உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போடுவார்களாம். அப்படியும் பாடினால்தான் சரக்கு கப்பல் ஏறுமாம். அதற்கு டிராப் டெஸ்ட் என்று பெயர். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். பொருள்களைக் கீழே போட்டதற்காக நான் அடி வாங்கிக்கொண்டிருந்த அதே வீட்டில், சித்தி அதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழக மாணவர்கள் வாங்கும் கடையில்தான் நல்ல சாமான் கிடைக்கும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியின் மோட்டார் சைக்கிளில் ஸ்கூடாய் நகரத்துக்குப் போனோம். வழியெல்லாம் கார். ஹெல்மெட்டுக்குள் நான் சபதத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

கடையில் ஒரு சுவர் முழுக்கப் பென்சில். அட்டைப் பெட்டி, தகரப் பெட்டி, மரப்பெட்டி. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பென்சிலைக் கிண்ணத்தில் போட்டு, பக்கத்தில் கிறுக்கிப் பார்க்கத் தாளும் வைத்திருந்தார்கள். சித்தி ஒவ்வொன்றாகக் கிறுக்கினார். "இது பாரு, எவ்ளோ சாஃப்டா போகுது. மேல மேல அடிச்சாலும் கலர் ஏறுதுலா" என்றார். எனக்குக் கலர் ஏறுவதா பிரச்சினை? சித்தியின் கைப்பேசி அடித்தது. ஓவர்டைம் வர முடியுமா என்று மேற்பார்வையாளர். அவர் பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனதும் நான் பரீட்சையைத் தொடங்கினேன்.

கிண்ணத்துப் பென்சில்களை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டேன். முதல் ரகம் முனை போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது விழுந்தது, உருண்டது, முனை ஊசி மாதிரி நின்றது. தகரப் பெட்டி ரகம். சித்திக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் ஒரு பென்சில் தேறினால் எல்லாம் தேறியதாகுமா? நான் அப்படி ஏமாறுகிற ஆளில்லை. புதுப் பெட்டி ஒன்றைத் திறந்து, கடை ஸ்டூல் மேல் ஏறி, இருபத்து நான்கையும் வரிசையாகக் கீழே விட்டேன். ஒரு முனைகூட ஒடியவில்லை. கை தட்ட ஆள் இல்லையே என்று நினைத்த நேரத்தில் கடைக்கார ஆன்ட்டி வந்துவிட்டார்.

"அலமாக்! அடேக், ஜாங்கான்!" 'ஐயோ, தம்பி, வேண்டாம்!' என்று அவர் மலாயில் அலறியது நெடுஞ்சாலைக்கே கேட்டிருக்கும்.

சித்தி ஓடி வந்தார். நான் ஸ்டூலிலிருந்து இறங்காமலே அறிவித்தேன்: "டிராப் டெஸ்ட் சித்தி. எல்லாம் பாஸ்!"

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். திட்டுவார் என்று காதைப் பொத்தத் தயாரானேன். திட்டவில்லை. குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டியில் வைத்தார். ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு அதே ரகத்தில் இன்னொரு பெட்டியையும் எடுத்துக் கல்லாவில் வைத்தார். அது ஃபேக்டரியில் யாருடைய பிள்ளைக்கோ என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டியன்று மண்டப வாசலில் கைப்பையிலிருந்து அந்த இரண்டாவது பெட்டியை எடுத்து நீட்டினார்.

"டேய், இத எடுத்துட்டுப் போ."

"இது டெஸ்ட் பண்ணதா சித்தி?"

"இல்லடா. புதுசு."

"அப்ப வேணாம்."

"சொன்னா கேளுடா தம்பி. அது வேலைக்கு ஆகாது."

"இருபத்து நாலும் பாஸ் சித்தி! நீங்களே பாத்தீங்கல்ல?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

தலைப்பு 'என் ஊர்'. முதல் பத்து நிமிடம் நான் ராஜா. பிறகு பழுப்பின் முனை தேய்ந்தது, சீவினேன். ஷார்ப்னரிலிருந்து பென்சிலை எடுத்தால் முனை மட்டும் கழன்று உள்ளேயே நின்றது. மறுபடி சீவினேன், அதே கதை. பச்சையும் அப்படி, சிவப்பும் அப்படி. வெளியே மரத்துக்கு ஒரு கீறலும் இல்லாமல், உள்ளே இருந்த வண்ணக் குச்சி விழுந்த அடியில் துண்டு துண்டாகியிருந்தது. அது இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சீவச் சீவப் பென்சில் கரைகிறது, ஊர் மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது என்பதுதான்.

தலை நிமிர்ந்தேன். பெற்றோர்கள் நின்ற கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சித்தி புதுப் பெட்டியை உயர்த்திக் காட்டினார். எழுந்து போய் வாங்கியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நான் வேண்டாமென்று தலையாட்டினேன். பரீட்சை வைத்தவனுக்கு ஒரு மானம் இல்லையா?

கழன்ற துண்டுகளை நகத்தால் இடுக்கிப் பிடித்து அடித்தேன். வானம் அடித்தேன், ரயில் தண்டவாளம் அடித்தேன், செம்பனையை இந்த முறை பச்சையாகவே அடித்தேன். மணியடித்து, மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு போன பிறகும் கடைசி மட்டைக்கு வண்ணம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளை இடமும் விடாமல் முடித்துத்தான் எழுந்தேன். படத்தை விட என் விரல்களில் நிறம் அதிகம். பரிசு கிடைக்கவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த சான்றிதழும் ஒரு பொட்டலம் மீ ஹூன் நூடுல்ஸும் கிடைத்தன.

வீடு திரும்பும்போது சித்தியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சிலைத் திட்டிக்கொண்டே வந்தேன். கடை மோசம், கம்பெனி மோசம், ஆன்ட்டி கண் வைத்துவிட்டார் என்று ஒரு பட்டியல். சித்தியின் தோள்கள் லேசாகக் குலுங்கின. ஹெல்மெட்டுக்குள் சிரிக்கிறாரோ என்று சந்தேகம் வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டேவிட்டேன்.

"உங்க ஃபேக்டரியில மட்டும் கீழ போட்டு பாஸான ஸ்பீக்கர எப்படி சித்தி விக்கிறீங்க?"

அவர் சொன்ன பதில் அன்று எனக்கு விளங்கவில்லை. என் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். விளக்குப் பச்சையானது. சித்தி திரும்பிப் பார்க்காமல் வண்டியை முறுக்கிக்கொண்டே சொன்னார்:

"கீழ போட்டத விக்கமாட்டோம்டா."