எஸ்தரின் பிடி அரிசி

காலை ஆறேகால் மணி. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மூங்கில் கூடையுடன் மூன்று பேர் எங்கள் வாசலைத் தாண்டிப் போவது. கொல்லிமலையின் இந்த வளப்பூர் நாட்டில் அறுவடை முடிந்ததும் கோயில் பொங்கலுக்கு வீடு வீடாகச் சாமை வாங்குவார்கள். கொடுத்த வீட்டுக்குப் பொங்கலில் ஒரு பங்கு வரும். இடப்பக்கத்து வீட்டில் நின்றார்கள். வலப்பக்கத்து வீட்டில் நின்றார்கள். எங்கள் வாசலில் அவர்களுடைய நடை மெதுவாகக்கூட ஆகவில்லை. இது மூன்றாவது வருஷம்.

கொழும்புக்கும் பினாங்குக்கும் போன நம் ஊர்க்காரர்கள் அந்நியத்தைப் பற்றி எழுதுகிறார்கள். நான் கடல் தாண்டவில்லை. சென்னைப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன், காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராகக் கொல்லிமலைக்கு ஏறி வந்தேன். இங்கும் பேசுவது தமிழ்தான். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டுமே. ஆலயமணி இல்லாத ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன்.

திருநெல்வேலியில் நம் வீடுகளில் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவோம். ஞாயிறன்று அது ஆலயத்துக்குப் போகும். ஜெபம் சொல்லத் தெரியுமுன்பே அம்மா என் கையைப் பிடித்து அதைப் பழக்கினாள். என் மனைவி ஞானம் அதையே எங்கள் எட்டு வயது மகள் எஸ்தருக்குப் பழக்கினாள். இங்கே பானை நிறைந்து காத்திருக்கும். மலையிறங்கும்போதுதான் காணிக்கை சேரும். யுத்தகாலம். அரிசி அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தலைச்சுமையாக ஏறி வருகிறது. கஞ்சி நீர்த்துப்போன நாளிலும் எஸ்தர் அந்தப் பிடியைக் குறைத்ததில்லை.

நான் வாசலில் நிற்கும்போதே அவள் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடைக்காரர்களின் பின்னால் ஓடினாள்.

"எங்க ஊட்டுல கேக்கவே இல்லீங்களே!"

கூடை வைத்திருந்த கவுண்டர் சிரித்தார். "ரைட்டர் ஊட்டுச் சாமிக்கு எங்க மோளச் சத்தம் ஆகாதுன்னு இருந்தோம், கண்ணு. அப்பங்கிட்டக் கேட்டியா?"

"இதுவும் சாமி அரிசிதானுங்க." பானையைக் கவிழ்த்துவிட்டாள். சாமையின் மேல் அரிசி வெள்ளையாக விழுந்தது.

ஞானம் என்னிடம்தான் கேட்டாள். "கர்த்தருக்கு எடுத்து வச்சதை எங்க கொண்டு கொட்டியிருக்கா, பாத்தீங்களா?"

"கொடுக்கத்தானே வச்சோம்?" என்றாள் எஸ்தர். "நம்ம ஊடு மட்டுந்தாம்மா யாரும் கேக்காத ஊடு."

"ஊடாம் ஊடு! வீடுன்னு சொல்லு," என்றாள் ஞானம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாப்பாயி வாழையிலைப் பொட்டலத்துடன் வந்தாள். "ஏனுங்கம்மா, உங்க ஊட்டுப் பங்கு."

விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்று வளர்ந்தவள் ஞானம். எஸ்தர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "உக்காருங்க" என்றாள். எங்கள் பாயில் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

பாப்பாயி போன பிறகு எஸ்தர் கேட்டாள்: "சாப்பிடலாமாப்பா?"

"உனக்கு என்ன தோணுது?"

"நாளைக்குப் பாப்பாயக்கா, பொங்கல் நல்லா இருந்துச்சான்னு கேக்கும். பொய் சொல்லக்கூடாதுல்ல?"

ஞானம் இலையைப் பிரித்தாள். ஜெபம் சொன்னாள். எங்கள் இருவருக்கும் வைத்தாள், தான் தொடவில்லை.

இப்போது எங்கள் அடுப்படியில் இரண்டு பானைகள் இருக்கின்றன. ஒன்றில் அரிசி, மற்றதில் சாமை. சாமைப் பானையை வைத்தது ஞானம்.