கழுத்து ஒடிந்த அன்னங்கள்

கூடுவாஞ்சேரியில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே புதிதாக ஒரு லேசர் கடை வந்திருக்கிறது. வீட்டுப் பெயர்ப் பலகை, சாவி மாட்டும் பலகை, கேக்கின் மேல் செருகுகிற பெயர் எல்லாம் அங்கே கிடைக்கும். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்துவிட்டுப் பையன் போனில் பேசிக்கொண்டிருப்பான். ஒரு புள்ளி வெளிச்சம் பலகையைச் சுட்டுக்கொண்டே போய்ப் பூவும் எழுத்துமாக வெட்டிக் கொடுத்துவிடும். சாயங்காலம் பால் வாங்க இறங்கினால் அந்தக் கருகல் வாசனை மூக்கில் ஏறும். உடனே எனக்கு மாலதி ஞாபகம் வருவாள். மாலதி வந்தால் கை தானாக இறுகும். இப்படி ஒருநாள் பால் பாக்கெட்டையே பிதுக்கிவிட்டேன். லிஃப்டில் கூட வந்தவர் என்னை வேறு மாதிரி பார்த்தார்.

நாங்கள் அறுத்த மரத்தில் கருகல் கிடையாது. தேக்கை அறுத்தால் பழைய தோல் பையை முகர்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். தலைமுடி, புடவை மடிப்பு, சில நாள் ரசத்தில்கூட அந்த வாசனைதான். கல்பாக்கம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம், தொண்ணூறுகளின் நடுவில். வளைகுடாவிலிருந்து லீவில் வரும் அண்ணன்மார்கள் எல்லோரும் தங்கைகளுக்கு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள். மஸ்கட்டில் மரப்பட்டறையில் வேலை பார்த்த என் சின்னண்ணன் மட்டும் ஒரு ரம்பம் கொண்டுவந்தான். ஸ்க்ரோல் சா என்று பெயர். பார்க்கத் தையல் மெஷின் போல இருக்கும். ஊசி இருக்கவேண்டிய இடத்தில் நூல் கனத்துக்கு ஒரு ரம்பம் மேலும் கீழும் ஓடும். அது நின்ற இடத்திலேயே ஓடும், நாம்தான் பலகையை வளைத்து வளைத்துக் கொடுக்கவேண்டும். "வூட்ல சும்மாதானே இருக்க" என்றான். சும்மா இருப்பதென்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதலில் ஒரு யானை அறுத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "பன்னி நல்லா வந்திருக்கு" என்றார். அதைத் தூக்கிப் பரணில் போட்டேன். பிறகு பின்பக்க பால்கனியில் உட்கார்ந்து விடாமல் பழகினேன். ஷிப்டு முடிந்து தூங்குகிறவர்கள் திட்டுவார்கள் என்பதால் அவர்கள் எழுந்த பிறகுதான் மெஷினைப் போடுவேன். ரம்பம் பட் பட்டென்று அறுந்தது. விரல் நகம் போய் நகம் வந்தது. கடைசியில் கை பிடிபட்டது. தோகை விரித்த மயில் ஒன்று, பின்னால் குங்குமக் கிண்ணம் வைத்தது, என் பெயர் சொல்ல வந்து நின்றது.

அந்த மயிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தோகையில் இருக்கும் ஒவ்வொரு கண்ணையும் ஓட்டை போட்டு உள்ளே ரம்பத்தைக் கோத்து அறுக்கவேண்டும். முதல் மயிலுக்கு எடுத்த பலகையில், இடது ஓரத்தில் ஒரு கணு இருந்தது. அங்கே ரம்பம் ஓடாது என்று அந்த ஒரு கண்ணை விட்டுவிட்டேன். பிறகு அதையே அட்டையில் படி எடுத்து வைத்துக்கொண்டதால், கணு இல்லாத பலகையில் அறுத்த மயில்களுக்கும் அந்த இடம் மொட்டையாகவே இருந்தது. அசிங்கமாக இல்லை, அழகாகத்தான் இருந்தது. என் மயில் என்று எனக்கு மட்டும் தெரியும் அடையாளம் அது.

மாடி வீட்டில் இருந்தவள் மாலதி. அப்போது வாய் நிறைய அக்கா என்றேன், இப்போது பெயரே போதும். கோயமுத்தூர்க்காரி. பேச்சில் சர்க்கரை கொட்டும். அவள் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்கு மேலதிகாரி. வருஷா வருஷம் இவரைப் பற்றி ரகசியக் குறிப்பு எழுதி அனுப்புகிறவர் அவர்தான். அதனால் மாலதி தும்மினால் நான் தைலம் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். அவள் ஒருநாள் மயிலைப் பார்த்துவிட்டு, "கண்ணு, நீ அறுத்துக் குடு. நான் பெயின்ட் அடிக்கறேன், வித்துத் தர்றேன். எனக்கு அறுக்கத்தான் தெரியாது, வாய் இருக்குதே" என்றாள். வாய் இருந்தது உண்மைதான்.

மாமல்லபுரத்தில் கற்சிற்பமும் சிப்பி மாலையும் விற்கிற ஏழுமலை கடையில் எங்கள் பொருள்களை வைத்தோம். வெள்ளைக்காரர்கள் கல்லைத் தூக்கிப் பார்த்து, விமானத்தில் கனக்குமே என்று யோசித்துவிட்டு, மயிலை எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த இடத்துக்கு என்ன கலர் என்று குறித்துக்கொள்ள அட்டைகள் வேண்டும் என்று மாலதி கேட்டாள். என் அட்டைகள் எல்லாம் மாடிக்குப் போய்விட்டு வந்தன. பெயின்டுக்குத்தானே என்று நானும் கொடுத்தேன். இந்த இடத்தில் உங்களுக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், எனக்கும் வருகிறது.

டவுன்ஷிப் கொலுவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம். எல்லா வீட்டிலும் கொலு உண்டு, எல்லா வீட்டுக்கும் எல்லோரும் போகவேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் வெற்றிலை பாக்கோடு ஒரு பை. அதில் ரவிக்கைத் துணி, சீப்பு, கண்ணாடி, ஏதாவது சின்னப் பொருள். இந்த வீட்டுப் பை அந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டுப் பை இன்னொரு வீட்டுக்குப் போகும். பிரிக்காமலே கைமாற்றி விடுகிறவர்கள் பாதிப் பேர். என் ரவிக்கைத் துணி ஒன்று ஊரைச் சுற்றி என்னிடமே வந்திருக்கிறது. அதை நான் மறுபடியும் அனுப்பிவைத்தேன்.

ஒரு வருஷம் மாலதி, "இந்த நவராத்திரிக்கு மயில் ஆர்டர் எல்லாம் வேண்டாங்கண்ணு, எனக்கு முதுகுவலி" என்று சொல்லிவிட்டாள். சரி என்று நானும் மெஷினைத் துணி போட்டு மூடினேன். அவள் வீட்டுக் கொலுவுக்குப் போனேன், பாடினேன், சுண்டல் தின்றேன், பையை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து பிரித்தால் உள்ளே ஒரு மயில். என் மயில். ஆனால் நான் அறுத்ததில்லை. ஓரமெல்லாம் பிசிறு, உப்புத்தாள் போடாத மேல்பக்கம். தோகையின் இடது ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு கண் இல்லை. திருடினவர்கள் அந்த மொட்டையையும் சேர்த்துத் திருடியிருந்தார்கள். பிறகுதான் எனக்குக் கதை புரிந்தது: எவளோ அதைச் செங்கல்பட்டில் வாங்கி, டவுன்ஷிப்பில் எவளுக்கோ கொடுத்து, அது மாலதிக்கு வந்து, அவள் பிரித்துப் பார்க்காமல் என் கையில் கொடுத்திருக்கிறாள். திருடியே திருட்டுப் பொருளை வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக்கு அனுப்பியது எங்கள் டவுன்ஷிப்பில்தான் நடக்கும்.

மறுநாளே பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன். ஏழுமலை கடை வாசலில் வரிசையாக என் மயில்கள்.

"இது எங்கேர்ந்து வந்துது ஏழுமலை?"

"இன்னாக்கா, தெரியாத மாரி கேக்குற? மாலதி அக்காதான் குடுத்துகினு கீது. செங்கல்பட்டுல பட்டற புட்ச்சிருக்காமே. நீ கை வலின்னு வுட்டுட்டன்னு சொல்லிச்சே."

எனக்குக் கை வலி! திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னல் கம்பியை அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். சண்டைக்குப் போனால் இவருடைய ரகசியக் குறிப்பில் என்ன எழுதப்படும் என்று எனக்குத் தெரியும். இவரிடம் சொன்னேன். "விடு, ஒரு மயில்தானே" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு மட்டும் போட்டேன், குழம்பு ஊற்றவில்லை.

நான் விடவில்லை. அடுத்த நவராத்திரிக்குப் பல மாதம் முன்பே ஓர் அன்னம் வரைந்தேன். நீண்ட, வளைந்த, மெல்லிய கழுத்து, முதுகில் குங்குமக் கிண்ணம். இப்போது சொன்னாலும் பெருமையாக இருக்கிறது, அதைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் வரைந்ததில்லை. பார்க்கிற எவளும் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்குவாள். மரத்தில் ரேகை ஓடுமே, அது கழுத்தோடு நீளவாக்கில் ஓடினால் தூக்கலாம், ஆட்டலாம், ஒன்றும் ஆகாது. கழுத்துக்குக் குறுக்கே ஓடினால் விறகு பிளக்கிற மாதிரிதான். பலகையை எந்தப் பக்கம் வைக்கவேண்டும் என்பதற்காக என் அட்டைகளில் எப்போதும் ஓர் அம்புக்குறி போடுவேன். அன்னத்தின் அம்புக்குறி நிற்கவேண்டும். நான் அதைப் படுக்கவைத்தேன். மாதிரிக்கு ஒன்றைச் சரியான ரேகையில் அறுத்து, அதையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

"எப்படி இருக்குங்க அக்கா?"

மாலதி அன்னத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். கண் விரிந்தது. "அட்டைய இங்கியே வெச்சுட்டுப் போ கண்ணு. கலர் யோசிக்கோணும்" என்றாள். வைத்துவிட்டு வந்தேன். படி இறங்கும்போது எனக்குப் பாட்டே வந்தது.

பட்டறைக்காரன் அட்டையில் இருக்கிறபடி அறுத்துக் கொடுத்திருக்கிறான். கூலி வாங்குகிறவனுக்கு அதுதானே வேலை. வார்னிஷ் பளபளப்பில் எந்தக் குறையும் தெரியவில்லை. நவராத்திரி வெள்ளிக்கிழமை மாலதி வீட்டில் கூடம் நிறைந்த கூட்டம். பாய் விரித்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் டவுன்ஷிப்பிலேயே பெரிய அதிகாரியின் மனைவி. எல்லோரும் அவரைப் பெரிய மேடம் என்போம். மாலதி தட்டில் அன்னங்களை அடுக்கி, கிண்ணங்களில் குங்குமம் நிரப்பிக் கொண்டுவந்தாள். "நானே டிசைன் பண்ணினதுங்க மேடம். ராத்திரி பகலா வரைஞ்சேன்" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "இவளுக்குப் பாவம் கை வலி. அதனால வெளியில குடுத்து அறுத்தேனுங்க."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஆட்டலுக்கு எனக்கு ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

பெரிய மேடம் அன்னத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினார். டக். தலை அவர் விரலில், உடம்பு மடியில். பச்சைப் பட்டுப் புடவை முழுக்கக் குங்குமம். பாடிக்கொண்டிருந்தவள் நடுவரியில் நிறுத்தினாள். "அய்யோ, ஒண்ணுதான் இப்படி மேடம்" என்று மாலதி இன்னொன்றை எடுத்து நீட்டினாள். அது அவள் கையிலேயே டக். பக்கத்தில் இருந்த அம்மாள் பயந்து தன்னுடையதைக் கீழே வைக்கப்போக, அதுவும். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் குங்குமம் கொட்டிப்போச்சே என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். பெரிய மேடம் புடவையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார், வெற்றிலை பாக்குகூட வாங்கவில்லை. நான் துடைப்பம் எடுத்து வந்து கூட்டினேன். ஒவ்வொரு தலையாகப் பொறுக்கினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுண்டல் ஒரு கிண்ணம் கூடுதலாகவே தின்றேன்.

அடுத்த வாரம் ஏழுமலை, மாலதி கடைக்குக் கொடுத்திருந்த அன்னங்களை ஒரு கோணியில் போட்டு எடுத்துக்கொண்டு மாலதி வீட்டுக்கே வந்துவிட்டான். மாடிப்படியில் நின்று அவன் கத்தியது எங்கள் சமையலறை வரை கேட்டது. "இன்னாமே இது? வெள்ளக்காரன் தொட்டா தல கையோட வருது! கடைல நிக்க முடில, ஒரே பேஜாரா கீது. எல்லாத்தையும் நீயே வெச்சிக்கோ!" கோணியை வாசலில் கொட்டிவிட்டுப் போனான். அன்று மாலை மாலதி கீழே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "அந்தப் பட்டறைக்காரன் என்னைய மோசம் பண்ணிட்டான் கண்ணு." காபி போட்டுக் கொடுத்தேன். "அவன்கிட்ட இனிமே குடுக்காதீங்கக்கா" என்று ஆறுதல் சொன்னேன். அவள் பிறகு பட்டறைப் பக்கம் போகவில்லை. அடுத்த வருஷம் கொலுவும் வைக்கவில்லை. ஏழுமலை என்னிடமே திரும்பி வந்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகும் பல வருஷம் என் மயில் மாமல்லபுரத்தில் நின்றது.

ஒரே ஒரு குறை. யார் செய்தது என்று அவளுக்குத் தெரியவில்லையே! அடி விழுந்தவளுக்கு அடித்தவள் யாரென்று தெரியாவிட்டால் அது என்ன அடி? இவர் ரிட்டயர் ஆகட்டும், நேரில் சொல்கிறேன் என்று காத்திருந்தேன். அதற்குள் அவர்கள் ரிட்டயர் ஆகிக் கோயமுத்தூர் போய்விட்டார்கள்.

பிறகு ஒரு கல்யாணத்தில், செங்கல்பட்டு மண்டபத்தில், அவளைப் பார்த்தேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகளைக் கூப்பிட்டு, "நான் வரைஞ்ச மயில் சொல்வேனே, மகாபலிபுரத்துல வெள்ளைக்காரங்க தேடி வந்து வாங்குவாங்கன்னு? இவதான் அதை எனக்கு அறுத்துக் குடுப்பா" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தது.

மருமகள் நகர்ந்ததும் மாலதியின் காதருகில் குனிந்தேன். இத்தனை வருஷம் மனதில் சொல்லிப் பார்த்த வாக்கியம். "அக்கா, அந்த அன்னத்தோட கழுத்து ஒடிஞ்சுதே. பட்டறைக்காரன் பண்ணல. அட்டையில அம்புக்குறிய நான்தான் மாத்திப் போட்டேன். வேணும்னேதான் போட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நடிப்பா என்று நானும் அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பில்லை.

"அன்னமா? நாம எங்க கண்ணு அன்னம் செஞ்சோம்?" என்றாள். "மயில்தானே செஞ்சோம்." பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, பாயசம் நன்றாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

நாங்கள் இருந்த பிளாக்கை இடித்துவிட்டார்களாம். ஏழுமலை கடை இருந்த இடத்தில் காபி விற்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மகன் வீடு மகள் வீடு என்று ஊர் ஊராகப் போய்விட்டார்கள். போனில் பேசும்போது மாலதி வீட்டுக் கொலுவைப் பற்றி இழுத்துப் பார்த்தால், சுண்டல் நன்றாக இருக்கும் என்கிறார்கள். மெஷினும் போய்விட்டது, அட்டைகளும் போய்விட்டன. வயதாகிவிட்டது, மன்னித்துவிடு என்று இவர் சொல்கிறார். மாட்டேன். அவள் திருடினாள் என்பதற்கு இன்று மிஞ்சியிருப்பது என் கோபம் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் அந்த மயிலை வரைந்தது மாலதி என்றே ஆகிவிடும்.